என் குரலில் அவர் பேச்சு

எங்கள் வீட்டில் அப்போது பேசாத ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கீழே என் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்து பேச்சு போனவர். மாடி அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். பேச்சு நன்றாக வரும், ஆனால் அடுத்த பௌர்ணமி வரை பேசுவதில்லை என்று மௌன விரதம் எடுத்திருந்தவர். நன்றாக இருக்கிற வாயைப் பூட்டிக்கொள்வதற்காக ஒரு மனிதர் கடல் தாண்டி வருவார் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் தெருவில் அது சர்வ சாதாரணம். கழுத்தில் மௌனம் என்று எழுதிய அட்டை மாட்டிக்கொண்டு, விரலைக் காட்டிக் கீரை வாங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். முன்பெல்லாம் அவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இப்படி ஆன பிறகு அவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

இவர் கண்டக்டராக இருந்தவர். வேலூர் வண்டி. பஸ் ஸ்டாண்டில் நின்று "போளூர், கண்ணமங்கலம், வேலூர்" என்று குரல் கொடுத்தால் எதிர் ஹோட்டலில் இட்லி தின்கிறவன் பாதியில் எழுந்து ஓடி வருவான். வீட்டிலும் அதே சத்தம்தான். "கொழம்புல உப்பு கம்மி" என்பதைக்கூடக் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். "கொஞ்சம் மெதுவாப் பேசித் தொலைங்களேன்" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. ரிட்டயர் ஆகி, அந்தச் சத்தம் முழுக்க எனக்கே எனக்கு என்று ஆன சமயத்தில் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. மிஞ்சியது "ரைட்" என்ற ஒரே சொல். பசித்தாலும் ரைட், வேண்டாம் என்றாலும் ரைட். தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்று ஆட்டுவார், தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும் வழிதான் அடைத்துப் போயிருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா, படங்களைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள் என்றார். ஓசூரில் இருக்கும் என் மகள் அதைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தாள். அவள் காலேஜில் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் அது. திரை நிறையப் பெரிய பெரிய படங்கள்: தண்ணீர் டம்ளர், சாப்பாட்டுத் தட்டு, ஃபேன், பாத்ரூம் கதவு, கட்டில். இடது கையால் மவுஸைப் பிடித்து எதன்மேல் அழுத்துகிறாரோ அதற்கான குரல் வரும். குரல் என்னுடையது. பதிவு செய்த அன்று சிலிண்டர் வராத கோபத்தில் இருந்தேன். அதனால் "தண்ணி வேணும்" என்பது சண்டைக்கு இழுக்கிற மாதிரியே பதிவாகிவிட்டது. நான் அடுக்களையில் நின்றிருப்பேன். கூடத்திலிருந்து என் குரலே என்னை அதட்டும். "வரேன் வரேன், கத்தாதீங்க" என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். அவர் வாய் கோணச் சிரிப்பார். மொபைலைக் கொடுத்தும் பார்த்தோம். விரல் நடுங்கி எங்கேயோ பட்டு யாருக்கோ போன் போய்விடும். மவுஸ்தான் அவர் கைக்குப் பிடிபட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி முடித்து வந்தாலும் அது இன்னும் எழுந்திருக்காது. சரி, கிழமாகிவிட்டது, நம்மைப்போலத்தானே என்று விட்டேன். ஒரு மத்தியானம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் நாற்காலி நனைந்து, தரையெல்லாம் ஈரம். அவர் மவுஸை அழுத்தியபடியே இருந்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவருக்கு வேட்டி மாற்றி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, தரையைத் தேய்க்க உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குரல் வந்தது. "பாத்ரூம் போகணும்." அதோடு நிற்கவில்லை. அவர் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தடவை, வரிசையாக, என் குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. பாத்ரூம் போகணும். பாத்ரூம் போகணும். அவர் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈரக் கையோடு போய்ச் சுவிட்சை அணைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது இழுத்துப்போட்டு அடிக்கவேண்டும் போல இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் தேரடித் தெருப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்து, ஊதிவிட்டு, மூடினார்.

"இதுக்கு வயசாயிடுச்சிங்க. புதுசு எதுவும் இதுல ஏறாது. பழசும் இனிமே ஓடாது. வேற வாங்கிக்கங்க."

"என் பொண்ணு பிரசவத்துக்கு வரும்போது புதுசு எடுத்தாறேன்னு சொல்லியிருக்கா. அதுவரைக்கும் இன்னாங்க பண்றது?"

"அதுவரைக்கும் மெதுவா யூஸ் பண்ணிக்கங்க" என்றார்.

மெதுவாகத்தான் பயன்படுத்தினோம், அதனால்தான் தரை நனைந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மகளுக்கு அது எட்டாம் மாதம். இங்கே நடந்ததை அவளிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பினேன்.

வாசலில் இறக்கும்போது மாடிக்காரர் படியிறங்கி வந்தார். வருஷா வருஷம் வருகிறவர், தமிழ் ஓரளவு புரியும். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கூடம்வரை கொண்டுவந்து வைத்தார். அவரிடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சிலேட்டு எப்போதும் இருக்கும். நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு அதில் இங்கிலீஷில் எழுதிக் காட்டினார். கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம். அதிலும் லேசான டெஸ்க்டாப் ஒன்று உண்டாம், பழைய மெஷினிலும் வேகமாக ஓடுமாம். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். மார்க் ஷீட் அடிப்பேன், பிரிண்ட் எடுப்பேன். அதற்குமேல் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை, அது சொன்னதும் இல்லை. ஆனாலும் முங்குகிறவளுக்குக் கையில் கிடைத்தது எதுவானால் என்ன? "எதையாவது பண்ணுங்க சாமி" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். ஒரு பென் டிரைவைச் சொருகினார். ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் நீலமாக ஒரு திரை எழுந்து வந்தது. மேல் மூலையில் ஒரு எலிப் படம். அதை அழுத்தினால்தான் உள்ளே இருப்பதெல்லாம் திறக்கும் என்று காட்டினார். "எலியா?" என்றேன். தலையாட்டினார். பிள்ளையார் வாகனம், நல்ல சகுனம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சிலேட்டில் ஒரு வரி எழுதி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். இப்போது இது சோதனை மட்டும்தான் என்று எழுதியிருந்தது. படித்தேன். சோதனைதானே, நன்றாக ஓடுகிறதா என்று பார்க்கத்தானே என்று எடுத்துக்கொண்டேன். அந்த வரிக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓடிற்று. அழுத்தினால் அந்த நிமிஷமே திறந்தது. இவருக்கு இரண்டு முறை அழுத்த வராது என்று சாடை காட்டினேன். செட்டிங்ஸில் போய் ஒரே அழுத்தலில் வேலை செய்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். வெறும் திரையில் வலப் பக்கப் பொத்தானை அழுத்தி, பெயர் வைத்து, குரலைச் சேர்த்து, படத்தைச் சேர்த்து ஒரு தண்ணீர் டம்ளரைச் செய்து காட்டினார். மீதியை நானே செய்வேன் என்றேன். தியானத்துக்கு நேரமாகிவிட்டது போல. கைகூப்பிவிட்டு மேலே போனார். மகள் விட்டுப்போன ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரிலேயே புதிதாகப் பதிவு செய்தேன். இந்தத் தடவை கோபமில்லாத குரலில். "கொஞ்சம் தண்ணி வேணும்." "ஃபேன் போடும்மா." "பாத்ரூம் போகணும்." ஒன்றொன்றாகப் படத்தை வைத்து, பழைய இடத்திலேயே அடுக்கி, அவர் கையை மவுஸில் கொண்டுபோய் வைத்தேன். ஃபேனை அழுத்தினார். கை எடுப்பதற்குள் குரல் வந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. "ரைட்" என்றார், "ரைட், ரைட்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

பொழுது சாய்ந்தது. வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எந்தப் பொருளையும் வெளியே கொடுப்பதில்லை, அது எங்கள் வழக்கம். ஊசி கேட்டாலும் உப்பு கேட்டாலும் நாளைக்கு வா என்றுதான் சொல்வோம். இரவல் வாங்கியதைத் திருப்புவதானாலும் விளக்குக்கு முன்பே திருப்பிவிட வேண்டும். பென் டிரைவ் என்றால் மட்டும் வேறு சட்டமா? கம்ப்யூட்டரை முறையாக அணைத்தேன். அணையும்போது அதுவே அந்தப் பென் டிரைவை எடுத்துவிடச் சொல்லி இங்கிலீஷில் ஒரு வரி காட்டியது. பார்த்தாயா, மெஷினுக்கே தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே திருப்தி. பிடுங்கி, வெற்றிலையில் வைத்து, இரண்டு வாழைப்பழத்தோடு தட்டில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தார். பென் டிரைவைப் பார்த்தார். கண்கள் பெரிதாயின. இரண்டு கையையும் நீட்டி வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் ஆட்டினார். என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். "இருக்கட்டும் சாமி, ரொம்ப உபகாரம்" என்று தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, விளக்குக்கு நேரமாகிறது என்று கீழே ஓடி வந்தேன். அவர் பின்னாலேயே சிலேட்டோடு வந்தார். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவரைப் பார்த்து, பூஜை பார்க்க வந்திருக்கிறார் என்று விபூதித் தட்டை நீட்டினேன். பாவம், குனிந்து வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார். கற்பூரம் அணையும்வரை நின்றார். அதற்கு அப்புறம்தான் சிலேட்டைத் திருப்பிக் காட்டினார்.

அது கம்ப்யூட்டரில் ஏறவே இல்லையாம். பென் டிரைவிலிருந்து சும்மா ஓடிக்கொண்டிருந்ததாம். நான் செய்ததெல்லாம் மெஷின் அணைகிறவரைதான் இருக்குமாம். இப்போது எதுவும் இல்லை.

இரண்டு தடவை படித்தேன். புரியாமல் இல்லை, நம்பாமல். ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். பழைய திரை, பழைய வட்டம், சுற்றிச் சுற்றி வந்தது. இவர் நாற்காலியில் தயாராகக் கையை மவுஸில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் படம் இருந்த இடத்துக்கு அம்பைக் கொண்டுபோய் அழுத்தினார். அங்கே இன்னும் ஒன்றும் எழுந்து வரவில்லை. மறுபடி அழுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ரைட்?" என்றார். அந்தச் சொல்லை அவர் ஒரு கேள்வியாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

என் ஆத்திரமெல்லாம் மாடிக்காரர்மேல் திரும்பிற்று. "ஒரு வார்த்தை சாமி. வாயைத் திறந்து 'எடுக்காதே'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? உங்க மௌனம் ஒடஞ்சி கீழ விழுந்துடுமா? இங்க ஒருத்தர் பேச முடியலையேன்னு தவிச்சிக்கிட்டு இருக்காரு. பேச முடிஞ்சவரு நீங்க பூட்டு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டார். சிலேட்டைத் துடைத்துவிட்டு மன்னிப்பு என்று எழுதினார். அதைப் படித்ததும் எனக்கு இன்னும் ஜாஸ்தியாக வந்தது. பிறகுதான் உறைத்தது. நான் மாடி ஏறுவதற்கு முன்பே அணைத்தாயிற்று. அவர் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் ஒன்றும் மீண்டிருக்காது. சோதனை மட்டும்தான் என்று முன்பே எழுதியும் காட்டியிருந்தார். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அந்த வீட்டில் வாய் இருந்தவள் நான் ஒருத்தி. அதை வைத்துக்கொண்டு எனக்குக் கத்த மட்டும்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் அவரே வந்தார். இந்தத் தடவை நிஜமாகவே உள்ளே ஏற்றுவதற்கு. பழையது முழுக்க அழிந்துவிடும், சம்மதமா என்று எழுதிக் கேட்டார். மகளின் போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். கடைசிப் பொத்தானை அவர் அழுத்தவில்லை. மெஷின் உன்னுடையது, நீதான் அழுத்த வேண்டும் என்று சாடை காட்டினார். என்ன அழிகிறது, எது வருகிறது என்று ஒன்றும் தெரியாமல், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி அழுத்தினேன். ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. எலி வந்தது. பென் டிரைவை அவரே பிடுங்கி, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினார். எலி அங்கேயேதான் இருந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. குரலைப் பதிவு செய்தால் சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் வேறு ஏதோ ஓட்டைக்குப் போகிறது என்று அவர் கண்டுபிடித்துத் திருப்பிவிடுவதற்குள் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். அடுத்த நாள் எதையோ தொட்டேன், திரையின் மேலே இருந்த பட்டையே காணாமல் போய்விட்டது. எலியும் அதோடு போயிற்று. எலி இல்லாமல் எதையும் திறக்க முடியவில்லை, அணைக்கக்கூட முடியவில்லை. மாடிக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தியானம். கதவைத் தட்டக் கை வரவில்லை. ஏற்கெனவே அந்த மனுஷனை அவ்வளவு பேசியாயிற்று. படியில் உட்கார்ந்து எதிரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இவர் "ரைட், ரைட்" என்று கூப்பிடுவார். ஓடிப்போய் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டுவேன், எதுவும் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வார். மறுபடி வந்து படியில் உட்காருவேன். என்ன கேட்டார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாடிக் கதவு திறந்ததும் மாடிக்காரர் வந்து, திரையில் கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்து எதையோ அடித்துப் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். அடித்த வரியைச் சிலேட்டில் எழுதி, சிலேட்டை எனக்கே கொடுத்துவிட்டார். கடையில் வேறு ஒன்று வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது படிந்து வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று எனக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இந்தத் தடவை இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு படமாகச் செய்தேன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் கரகரவென்று பதிவாயிற்று. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பழைய கம்ப்யூட்டரில் படங்கள் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கும். இதில் அழுத்திப் பிடித்து இழுத்தால் நகர்ந்தது. இவர் அதைத் தானாகவே கண்டுபிடித்தார். ஃபேனை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். டீ டம்ளரை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோனார். கை இவ்வளவு பழகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். திரையின் ஓரத்தில் ஒரு குப்பைத் தொட்டிப் படம் உண்டு; கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டுபோய் அதில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கஞ்சி ஆகவே ஆகாது. மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா கஞ்சியைக் குப்பையில போட்டுட்டாருடி" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் நல்ல பேச்சு இருந்தது. அழுத்தினால் உடனே குரல், உடனே நான். தரை ஒரு நாளும் நனையவில்லை.

பிறகு ஒரு காலையில் பார்த்தேன், வலிக்கான படத்தைக் காணோம். தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்த ஒரு ஆள் படம் அது. அழுத்தினால் "வலிக்குது" என்று நான் சொல்வேன். குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன், உள்ளே இருந்தது. கை தவறியிருக்கும் என்று எடுத்து வைத்தேன். சாயங்காலம் மறுபடி காணோம். மறுபடி எடுத்து, நடுவில், பெரிதாக வைத்தேன். "இத்தைத் தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு வலிச்சா எப்படிச் சொல்லுவீங்க?" என்றேன். அவர் திரையைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக அதைப் பிடித்து, ஓரம்வரை இழுத்து, உள்ளே போட்டார். கை தவறவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி, வெள்ளைக்காரரை ஏசி, எலியைக் கும்பிட்டு அவருக்குப் பேச்சை வாங்கிக் கொடுத்தால், அதில் இருப்பதிலேயே முக்கியமான சொல்லை இவர் குப்பையில் போடுகிறாரே என்று. "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோள்தான் அவரைப் படுத்துவது. செத்த கையின் பாரம் தோளை இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை உண்டு, அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

அவர் அந்தப் படத்தை அழுத்தினால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன். எங்கே, தோளா, முதுகா, நெஞ்சா என்று ஒவ்வொரு இடமாக அழுத்திக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் ரைட் என்பார். நெஞ்சு வலியோ என்று உடனே போனை எடுப்பேன். டாக்டருக்குப் போன். அவர் எடுக்காவிட்டால் மகளுக்குப் போன், ஸ்பீக்கரில் போட்டு. மாசமாக இருக்கிற பெண் அந்தப் பக்கம் "அப்பா, அப்பா" என்று அழுவாள், இந்தப் பக்கம் நான் அழுவேன். தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சாமியைத் திட்டுவேன். நடுவில் இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருப்பார். வலி போகாது. வலியோடு இதுவும் சேரும். ஒரு அழுத்தலுக்கு இவ்வளவும்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ தடவை எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது குப்பைக்குப் போய்விடுகிறது. மகள் வந்தாள், இனிமேல் புதுசு எதற்கு என்று இதையே வைத்துக்கொண்டோம், குழந்தை பிறந்தது, அவள் சொல்லியும் கேட்கவில்லை. மாடிக்காரர் மௌனம் முடிந்து, வாய் நிறையத் தமிழும் இங்கிலீஷும் பேசிவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது, படத்தை யாரும் நகர்த்த முடியாதபடி பூட்டிவைக்க வழி தேடித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் இவர் நெற்றியெல்லாம் வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனைக் கையில் எடுக்கவில்லை. அழவும் இல்லை. குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வலிக்குதாங்க?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மவுஸை நகர்த்தி அழுத்தினார். அழுத்திய அந்த நொடியே, துளியும் தாமதம் இல்லாமல், என் கரகரத்த குரல் வந்தது.

"ஒரு டீ குடிக்கலாமா?"

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.